கஞ்சிவேட்டிக்காரரும் கப்பல் அரிசியும்

என் வீட்டுக்காரருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் என் அண்ணன்தான். அண்ணன் வேண்டுமென்று வைக்கவில்லை. சேலத்தில் வக்கீலாக இருந்தார். எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் கையில் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையைச் சுருட்டி வைத்திருப்பார். எனக்குக் கல்யாணமான புதிதில் ஒரு நாள் கிணற்றடியில் நின்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்றால் வாக்குவாதம்தான். கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்தால் என்ன என்கிறார் அண்ணன். தண்ணீர் இறைக்க மாடு இருக்கும்போது இன்ஜின் எதற்கு என்கிறார் இவர். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மாப்பிள்ளை, நீங்க இங்கிலாந்துல பொறந்திருக்கோணுமுங்க. அங்க உங்களாட்டம் ஆளுகளுக்குன்னே ஒரு கட்சி இருக்குது. கன்சர்வேட்டிவ்னு பேரு."

மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஆளின் காதில் அது 'கஞ்சிவேட்டி' என்று விழுந்தது. அவர் போய்ச் சொன்னதை ஊர் சந்தேகப்படவே இல்லை. இவர் கட்டுவது ராசிபுரத்துத் தறியில் நெய்த வேட்டி. அதுவும் சோற்றுக் கஞ்சி போட்டு, நடந்தால் சரசரவென்று சத்தம் வரும்படி விறைப்பாக. அந்த வாரச் சந்தை கலைவதற்குள் 'கஞ்சிவேட்டிக்காரர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாமக்கல்லிலிருந்து ராசிபுரம் போகிற வழியில் எங்கே இறங்கி அந்தப் பெயரைச் சொன்னாலும் எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள்.

இவருக்குக் கோபம் வரவில்லை. அன்று சாப்பிடும்போது அண்ணனிடம் கேட்டார்.

"அந்தக் கட்சிக்காரங்க என்னதானுங்க சொல்றாங்க மச்சான்?"

"இருக்கறதை இருக்கறபடி வெச்சிருக்கோணும்ங்கறாங்க. ராஜா, கோயிலு, நெலம், பெரியவங்க வெச்ச முறை, எல்லாத்தையும். மாத்தித்தான் ஆகோணும்னா மெதுவா, ரோசனை பண்ணி மாத்தோணுமாம்."

"இதுல என்ன தப்புங்க?"

"தப்புன்னு ஆரு சொன்னா? பேரு மட்டுந்தான் சொன்னேன்."

"அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றிக்கொண்டார்.

உண்மையில் அவர் அப்படித்தான். கிராப்பு வெட்டிக்கொள்ளவில்லை, குடுமி வைத்திருந்தார். எங்கள் வீட்டு அடுப்பில் காப்பி ஏறாது. அண்ணன் வரும்போது மட்டும் விருந்தாளிக்காக என்று ஏறும். நானும் அந்தச் சாக்கில் ஒரு டம்ளர் குடித்துக்கொள்வேன். நிலக்கடலை போடச் சொல்லி எத்தனையோ பேர் கேட்டும் போடவில்லை. நெல், கம்பு, சோளம், ஆரியம் என்கிற கேழ்வரகு, கொஞ்சம் துவரை. இவை போதும் என்பார். எது புதிதாக வந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "இது இல்லாம நேத்து எப்படி இருந்தோம்?" ஆனால் என்னைச் சேலத்து மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படிக்க வைத்திருந்தார்கள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. மத்தியானம் பாயில் சாய்ந்துகொண்டு, "அம்மிணி, பேப்பரை எடுத்துப் படி" என்பார். அவருக்கே நன்றாகப் படிக்க வரும். கேட்பதுதான் பிடிக்கும்.

அவர் மாற்றாமல் வைத்திருந்தவற்றில் பெரியது சந்தை. எங்கள் புளியந்தோப்பில்தான் வாரச் சந்தை கூடும். அவருடைய அப்பா காலத்திலும், அதற்கு முன்னாலும் அங்கேதான் கூடியது. தோப்பு எங்களுடையது; ஆனால் கடை போடுகிறவர்களிடம் சுங்கம் வாங்குவதில்லை. கோயிலுக்கென்று ஒரு கைப்பிடிச் சரக்கை உண்டியல் பக்கத்துச் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். யார் எந்த ஊர், எந்தச் சாதி என்ற கேள்வி கிடையாது. முன்னால் வந்தவனுக்கு நல்ல நிழல், பின்னால் வந்தவனுக்கு வெயில். "வந்தவன் உக்காரலாம்" என்பதுதான் அந்தத் தோப்பின் சட்டம். மேச்சேரிப் பக்கத்திலிருந்து ஆடு வரும். ராசிபுரத்திலிருந்து துணி வரும். வெற்றிலை, நெய், பானை, கயிறு, கருவாடு எல்லாம் வரும். சந்தையன்று எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்தாலும் தேனீக்கூடு மாதிரி அந்த இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

பிறகு விலை விழுந்த காலம் வந்தது. எல்லாப் பொருளுக்கும் விலை விழுந்தது. நெல்லுக்கு மோசமாக விழுந்தது. எங்கள் ஏரி அந்த வருடங்களில் நன்றாக நிரம்பிற்று என்பதுதான் வேடிக்கை. குதிர்கள் நிறைந்து, தாழ்வாரத்திலும் மூட்டை அடுக்கினோம். வாங்க ஆள் இல்லை. அப்போதுதான் சந்தைக்குக் கப்பல் அரிசி வந்தது.

கொண்டுவந்தவர் சேலம் செவ்வாய்ப்பேட்டை வியாபாரி. பருமனான ஆள், சிரித்த முகம், தோளில் எப்போதும் ஈரத்துண்டு. ரங்கூனிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வருகிற அரிசியை, முக்கியமாக உடைந்த நொய்யரிசியை, ரயிலில் இறக்கி, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்து அரிசியைவிட அது மலிவு. அவர் வண்டியைச் சுற்றி நெசவாளிகளும், கூலிக்காரர்களும், ஆடு மேய்க்கிறவர்களும் மொய்த்தார்கள். எங்கள் நெல் வண்டிகள் காலையில் போனபடியே சாயங்காலம் திரும்பி வந்தன.

ஒரு சந்தையன்று அந்த வியாபாரியே எங்கள் வீட்டுக்கு வந்தார். தோப்புக்காரரைப் பார்த்து மரியாதை சொல்ல வந்ததாகச் சொல்லி, ஒரு படி கப்பல் அரிசியை என் முன்னால் வைத்தார்.

"ஆக்கிப் பாருங்கம்மா. பிடிக்கலைன்னா மாட்டுக்கு வச்சிருங்க."

ஆக்கினேன். வெள்ளையாக, மெத்தென்று, வாசமே இல்லாமல் இருந்தது. இவர் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"சோறு சோறாட்டந்தான் இருக்குது" என்றார். பிறகு தட்டைத் தள்ளிவிட்டு, "நமக்கு நம்முளுது போடு" என்றார்.

சுற்றியிருந்த ஊர்களின் நிலக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு கூட்டமாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டது இரண்டு. ஒன்று, கப்பல் அரிசிக்காரனைத் தோப்புக்குள் விடக்கூடாது. இன்னொன்று, வெளிநாட்டு அரிசிக்கு அரசாங்கம் வரி போட வேண்டும் என்று ஒரு மகஜர் எழுதி அனுப்ப வேண்டும்; அதில் முதல் கையெழுத்து இவர் போட வேண்டும்.

"பழைய முறை பழைய முறைன்னு நிக்கற ஆளு நீங்கதானுங்க" என்றார் அவர்களில் மூத்தவர். "நீங்களே முன்னால நிக்கலீன்னா எப்படிங்க? நம்ம நெல்லு, நம்ம நெலம், நம்ம சந்தை. அதைக் காப்பாத்தறதுதானே பழைய முறை?"

இவர் தலையைச் சொறிந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

மகஜர் எழுதுகிற வேலை என் அண்ணனிடம் வந்தது. அண்ணன் உற்சாகமாக வந்து இறங்கினார். நான் காப்பி போட்டேன். அண்ணன் குடித்துக்கொண்டே இங்கிலாந்துக் கதையை மறுபடி எடுத்தார்.

"மாப்பிள்ளை, உங்க கட்சிக்காரங்களுக்கும் இதே கஷ்டந்தானுங்க வந்துச்சு. ரொம்ப நாளைக்கு முன்னால. அங்கயும் வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி இருந்துச்சு. நெலக்காரங்க எல்லாம் உங்க கட்சி. வரி இருக்கோணும்னாங்க. கூலிக்காரங்களுக்கு ரொட்டி வெலை ஏறிப் போச்சு. கடைசீல உங்க கட்சித் தலைவரே வரியை எடுத்துப்போட்டாரு. கட்சி ரெண்டாப் பொளந்துபோச்சு."

"அட! பொறவு?"

"பொறவு கொஞ்ச காலம் வியாபாரம் தொறந்தே இருக்கட்டும்னாங்க. இப்ப மறுபடியும் வரி வேணும்ங்கறாங்க."

"அப்ப அவிங்களுக்கே தெரியிலீங்களா, எது பழைய முறைன்னு?"

"தெரிஞ்சிருந்தா ஏனுங்க சண்டை வருது?"

இவர் அதை நினைத்து நினைத்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாழ்வாரத்து மூட்டைகளுக்குள் எலி ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அரிசிக்காரர் நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் வண்டி அச்சு முறிந்து வழியிலேயே நிற்கக்கூடாதா என்று சந்தைக்குச் சந்தை நினைத்தேன். இவர் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று எதிர்பார்த்தேன். போடச் சொல்லியும் பார்த்தேன். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் சந்தைக்கு முந்தைய நாள் தோப்பில் கூடியது. நான் மோர்ப்பானையோடு வில்வண்டியில் உட்கார்ந்திருந்தேன். நிலக்காரர்கள் ஜமுக்காளத்தில் இருந்தார்கள். மறுநாள் கடை போட முன்கூட்டியே வந்தவர்களும் என்னவென்று பார்க்கச் சுற்றி நின்றார்கள். இவருக்கு வேட்டி நெய்து தருகிற ராசிபுரத்து நெசவாளியும் அங்கே இருந்தார். ஒல்லியான மனிதர், எதையும் பணிவாகச் சொல்லுவார், ஆனால் சொல்லாமல் விடமாட்டார்.

அண்ணன் மகஜரை வாசித்தார். நீளமான வாக்கியங்கள், ஒவ்வொன்றும் கேட்பதற்குக் கம்பீரமாக இருந்தது. நிலக்காரர்கள் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். வாசித்து முடிந்ததும் நெசவாளி கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நானும் ஒரு வார்த்தை சொல்லலாமுங்களா? அரிசிக்கு வரி போட்டா எங்களுக்குச் சோறு கொறையுமுங்க. இருந்தாலும் உங்களுக்கும் பொழப்பு இருக்குது. தாராளமாக் கேளுங்க. அப்படியே ஜப்பான் துணிக்கும் ஒரு வரி சேத்தி எழுதீருங்க. எங்க தறி பாதி நாள் சும்மா நிக்குதுங்க."

நிலக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் பலர் கட்டியிருந்தது ஜப்பான் துணி. ஆனால் மறுக்க வழியில்லை. "சரி, எழுதுங்க" என்றார் மூத்தவர். அண்ணன் எழுதினார்.

உடனே நெய் விற்கிறவர் எழுந்தார். "சீமையிலிருந்து டப்பா நெய்யின்னு ஒண்ணு வருதுங்க. அது நெய்யே இல்லீங்க. அதையும் சேத்துங்க."

"எழுதியாச்சு."

"சக்கரைக்கு?" என்றார் ஆலை வைத்து வெல்லம் காய்ச்சுகிறவர். "ஜாவாவிலிருந்து வருதே, அதுக்கு?"

"அதுக்குத்தான் ஏற்கெனவே வரி போட்டுட்டாங்களே" என்றார் அண்ணன்.

"இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லுங்க. எழுதறதுக்கு என்ன காசா பணமா?"

அதுவரை எல்லாம் கடல் தாண்டி வருகிற சரக்காக இருந்தது. அப்புறம் ஆடு வளர்க்கிற ஒருவர், முகத்தில் துளிச் சிரிப்பும் இல்லாமல், "மேச்சேரி ஆடு வந்து எங்க ஆட்டு வெலையை ஒடைக்குதுங்க. அதுக்கும் ஒரு வரி" என்றார்.

"ஏனுங்க, மேச்சேரி நம்ம ஜில்லாதானுங்க!"

"இருந்தா? நம்ம ஊரு இல்லீல்ல?"

கூட்டத்தின் மறுகோடியில் ஆடு விற்க வந்திருந்த மேச்சேரிக்காரர் குதித்து எழுந்தார். "அப்படிங்களா? உங்க பக்கத்து வெங்காயம் எங்க ஊருல வந்து குமியுதே, அதை நாங்க என்ன பண்றது?" வெற்றிலைக்காரர் பரமத்தி வேலூர் வெற்றிலையை நிறுத்தச் சொன்னார். பானைக்காரர் அடுத்த ஊர்ப் பானையைச் சொன்னார். ஜமுக்காளத்தில் இருந்த நிலக்காரர்களுக்குள்ளேயே ஒருவர், பக்கத்தில் இருந்தவரைக் காட்டி, "இவிங்க ஊரு கத்திரிக்காய் வந்தாத்தானுங்க எங்குளுது போகமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டார். அந்த இருவரும் சம்பந்தி வீட்டார். பேனாவை எடுத்த அண்ணன் எதை எழுதுவது எதை விடுவது என்று தெரியாமல் விழித்தார். கடைசியில், அவருக்கே அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. நின்றிருந்தவர்களும் சிரித்தார்கள். சம்பந்திகள் மட்டும் சிரிக்கவில்லை.

மோர் கொடுக்க இதுதான் நேரம் என்று வண்டியிலிருந்து இறங்கினேன். மோர் உள்ளே போனபிறகு சத்தம் அடங்கிற்று. எல்லாரும் இவரைப் பார்த்தார்கள்.

இவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

"கவர்மெண்டுக்கு எழுதறதை எழுதிக்குங்க. அது உங்க நாயம். நான் வேண்டாங்கலை. இந்தத் தோப்பு விசயம் மட்டும் நான் சொல்றனுங்க. வந்தவன் உக்காரலாம்ங்கறது எங்க அப்பன் வெச்ச வழக்கம். அவிகளுக்கு முன்னால இருந்தவிக வெச்சதும் அதேதான். அரிசிக்காரனை எந்திரிக்கச் சொன்னா, அடுத்தது ஆரைச் சொல்றது? இத்தனை பேரு சொல்லீட்டீங்க. எல்லாத்தையும் எழுப்பி உட்டுட்டா அப்பறம் நானும் புளியமரமுந்தான் மிச்சம்."

"உங்க குதிருல நெல்லு மக்கிப் போகுதேங்க" என்றார் மூத்தவர். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார்.

"போகுதுங்க. எனக்கும் வெசனந்தான்."

அவர் கையெழுத்துப் போடவில்லை. மற்றவர்கள் அரிசியோடும் துணியோடும் நிறுத்திக்கொண்டு மகஜரை அனுப்பினார்கள். சில நிலக்காரர்கள் கோபத்தில் சந்தைக்கு வருவதை நிறுத்தினார்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்கள் நெய்யையும் கோழியையும் யார் கையிலாவது கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார்கள். அறுவடை முடிவதற்குள் ஆண்களும் திரும்பி வந்துவிட்டார்கள். நீண்ட நாள் கழித்து அரசாங்கம் வெளிநாட்டு நொய்க்கு ஏதோ ஒரு வரி போட்டது. பேப்பரில் நான்தான் படித்துச் சொன்னேன். நெல் விலையும் கொஞ்சம் அசைந்தது. வரியால் அசைந்ததா, மழை குறைந்ததால் அசைந்ததா என்று எங்கள் பக்கத்தில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. கூட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் அவரோடு சண்டை போட்டேன். எங்கள் வீட்டில் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அண்ணன் பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"ஊருக்கு நாயம் சொல்லிப்போட்டு வந்துட்டீங்க. நம்ம ஊட்டு மூட்டையை ஆருங்க வாங்கறது?"

அவர் துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"கப்பல்ல அரிசி வாரது நாயம்னு சொல்லீட்டீங்க. சரி. அப்பக் கப்பல்ல கடலை போறதும் நாயந்தானுங்களே? அந்த அரிசிக்காரரு என்ன சொன்னாரு தெரியுமுங்களா? வாழப்பாடிப் பக்கமெல்லாம் நெலக்கடலை போட்டு, அது மெட்ராசு போயி, அங்கிருந்து கப்பலேறிப் போகுதாம். அவரு வண்டி இங்கிருந்து காலியாத்தான் திரும்புதாம். நம்ம மேட்டுக்காடு சும்மாதானே காயுது?"

"கடலை நம்ம பயிரு இல்லை அம்மிணி. புதுசா வந்தது. எங்கிருந்தோ கப்பல்ல வந்தது."

அண்ணன் பத்திரிகையைத் தாழ்த்தினார். "மொளகாயும் கப்பல்ல வந்ததுதானுங்க மாப்பிள்ளை."

"என்னது?"

"மொளகா. வெள்ளைக்காரன் கொண்டாந்தது. அதுக்கு முன்னால நம்மகிட்ட மொளகு மட்டுந்தான்."

"சும்மா சொல்லாதீங்க மச்சான்."

"கோர்ட்டுல சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணறனுங்க."

இவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். உறியில் தொங்கிய மிளகாய்ச் சட்டியை இறக்கி, ஒரு வற்றலை எடுத்து, புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே ஓடிவந்தேன்.

அடுத்த சந்தை வரைக்கும் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சந்தையன்று சாயங்காலம் வந்து, "மேட்டுக்காட்டுல கெழக்கு மூலையில மட்டும் போட்டுப் பாக்கலாம். ஒரு வருசத்துக்கு" என்றார். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். கட்சிக்காரர்கள் மெதுவாகத்தான் மாற்றுவார்கள் என்று அண்ணன் சொன்னது சரிதான்.

கடலை பிடுங்கிய நாளை நான் மறக்கவில்லை. முதல் செடியை அவரே பிடுங்கினார். வேர் முழுக்க மண்ணோடு காய்கள் கொத்தாகத் தொங்கின. மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் இவ்வளவா என்று உதறி உதறிப் பார்த்தார். அன்றைக்கு மணலில் வறுத்த கடலையை ஒரு முறம் நிறைய வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர், வேலையாட்களோடு சேர்ந்து உரித்துத் தின்றுகொண்டே இருந்தார். சுற்றிலும் தோல் குவிந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் கடலையை வாங்கிக்கொண்டார். வரும்போது அரிசியும் போகும்போது கடலையுமாக அவர் வண்டிக்கு இரண்டு பக்கமும் சுமை கிடைத்தது. மறு வருடம் கிழக்கு மூலைக் கடலை மேட்டுக்காடு முழுவதும் பரவிற்று. நெல் வயலை மட்டும் இவர் குறைக்கவே இல்லை. குதிரில் நெல் இல்லாத வீடு வீடில்லை என்பது அவர் எண்ணம்.

பிறகு யுத்தம் வந்தது. பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் கப்பல் அரிசி நின்றுபோனது. நெல் விலை கிடுகிடுவென்று ஏறிற்று. அரசாங்கம் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பெர்மிட் இல்லாமல் ஒரு மூட்டையை வேறு இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. முன்பு எங்கள் வீட்டுக்குக் கூட்டமாக வந்த அதே நிலக்காரர்கள் மறுபடியும் வந்தார்கள். இந்தத் தடவை, "ஏனுங்க, வியாபாரத்துக்கு இப்படிக் கட்டுப்போட்டா எப்படிங்க? யாருக்கு வேணும்னாலும் விக்கலாம்னு உட்டுரோணுமுங்க" என்றார்கள். இவர் மூத்தவரின் முகத்தைப் பார்த்தார். மூத்தவரும் இவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டார்கள்.

"அன்னைக்குக் கதவைச் சாத்தச் சொன்னீங்க."

"அன்னைக்கு வெயிலு அந்தப் பக்கம் அடிச்சுதுங்க" என்றார் மூத்தவர் கூச்சமில்லாமல்.

அந்த வருடத்து அறுவடையில், அரசாங்கத்துக்கு அளந்தது போக மிச்ச நெல் களத்தில் கிடந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் பெர்மிட்டும் கையுமாக வந்து களத்து மேட்டில் உட்கார்ந்தார். நீங்கள் சொல்லுகிற விலை என்றார். இவர் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, அறுத்தவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் அளக்க ஆரம்பித்தார். எப்போதும் அளக்கிற அதே மரக்கால், அதே கணக்கு. பிறகு வண்ணாருக்கு, தச்சருக்கு, கோயிலுக்கு. பிறகு, பெர்மிட் எழுதி வாங்கி வந்திருந்த ராசிபுரத்து நெசவாளியைக் கூப்பிட்டார். நூல் கிடைக்காமல் அவருடைய தறி நின்று வெகுநாளாயிற்று. அவருக்குக் களத்து விலைக்கு, அதாவது பழைய விலைக்கு, ஒரு வண்டி நெல் போட்டார். அவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். நெல் குவியல் குறைந்துகொண்டே வந்தது. செவ்வாய்ப்பேட்டைக்காரர் துண்டால் விசிறிக்கொண்டார்.

அண்ணனும் அங்கே இருந்தார். சேலத்தில் ஏதோ உணவுக் கமிட்டியில் இருந்ததால் கட்டுப்பாட்டின் பக்கம் பேசுகிறவராக மாறியிருந்தார். எழுந்து வந்து இவர் தோளில் தட்டினார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, வந்தவன் உக்காரலாம்னு வியாபாரத்துக்காக நின்ன ஆளு நீங்க. இப்ப வெலை சொல்ற வியாபாரி உக்காந்துட்டுத்தான் இருக்காரு. நீங்க பாட்டுக்கு அளந்து உட்டுட்டே இருக்கறீங்க?"

"அது சந்தைங்க மச்சான். இது களம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"களத்துல அளக்கறது முறை. அது முடிஞ்சு மிச்சமிருந்தாத்தான் சந்தைக்குப் போகும். அங்க போனா யாரு வேணும்னாலும் வாங்கட்டும், எந்த நாட்டுக்கு வேணும்னாலும் போகட்டும்."

"நடுவுல கோடு எங்கீங்க போடறது?"

இவர் மரக்காலைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "களத்துக்கும் தோப்புக்கும் நடுவுல வண்டிப் பாதை இருக்குதில்லீங்க? அங்கதான்."

செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கும் கடைசியில் கொஞ்சம் கிடைத்தது. வருத்தப்படாமல் வாங்கிக்கொண்டார். அடுத்த கடலைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போனார்.

அண்ணன் சேலத்துக்குப் போய் நண்பர்களான வக்கீல்களிடம் இந்தப் பேச்சைச் சொல்லியிருக்கிறார். கன்சர்வேட்டிவ் என்றால் என்ன, வியாபாரம் எவ்வளவு தூரம் திறந்திருக்கலாம் என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்ததாம். ஒருவர் இங்கிலாந்துப் புத்தகங்களைக் கொண்டுவந்து போட்டாராம். அண்ணன் மட்டும் வண்டிப் பாதை, வண்டிப் பாதை என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அந்தப் பாதையைப் பார்த்தே ஆகவேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரிப் புகையால் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டார்கள். அந்த பஸ் ஏரிக்கரை மேட்டில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வக்கீல்கள் தள்ளினார்கள். இவர் வயலிலிருந்து ஓடிவந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவர்களோடு சேர்ந்து தள்ளினார். எல்லார் முகத்திலும் கரி.

பாதையைக் காட்டினார். இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல், ஒரு பக்கம் கிளுவை வேலி. ஓர் எருமை குறுக்கே நின்றுகொண்டிருந்தது.

"இவ்வளவுதானா?" என்றார் புத்தகம் கொண்டுவந்த வக்கீல்.

"இவ்வளவுதானுங்க" என்றார் இவர். "வெயிலு ஏறுது. வாங்க, ஊட்டுக்குப் போலாம், சாப்புடுவீங்க."

எல்லாருக்கும் அளந்தது போகக் குதிரில் மிஞ்சியிருந்த நெல்லில் அத்தனை பேருக்குச் சோறு ஆக்க முடியாது. ஆரியக் களி கிண்டி, கீரை கடைந்து, கடலையை அரைத்து ஒரு துவையல் செய்தேன். களியை எப்படி உருட்டித் தின்பது என்று பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இவர் அவர்கள் நடுவில் உட்கார்ந்து, விரலைக் களியில் அழுத்தி, கீரையைத் தொட்டு, எப்படி விழுங்கவேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார். புத்தகம் கொண்டுவந்தவர்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.